மன்சா மூசாவின் ஊரில் கோழி வாங்க எது செல்லும்?

பிப்ரவரி 3: ஒரு வாசகரின் கேள்வி

"மாலிப் பேரரசன் மன்சா மூசாதான் உலகத்திலேயே பெரிய பணக்காரன், சொத்து 400 பில்லியன் டாலர் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். தோண்டினால் தங்கம் என்றால் அந்த ஊர்ச் சந்தையில் மக்கள் எதைக் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள்? ஒரு கோழிக்குக்கூடத் தங்கக் காசா? மீதிச் சில்லறை எப்படிக் கொடுத்திருப்பார்கள்?"

பிப்ரவரி 4, காலை

கோழிக்கு உப்பு செல்லும். கண்ணாடி மணி செல்லும். கிராம்பு வைத்திருந்தால் இன்னும் மரியாதை.

இது என் ஊகம் இல்லை. மொராக்கோக்காரர் இப்னு பதூதா 1352 பிப்ரவரியில் மொராக்கோவின் பாலைவன ஓரத்து ஊரான சிஜில்மாசாவிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு கிளம்பி, சகாராவைக் கடந்து மாலிக்குப் போனார். மூசா அப்போது உயிரோடு இல்லை. ஆண்டவர் அவர் தம்பி சுலைமான். அந்த நாட்டில் பயணம் போகிறவன் கட்டுச்சோறும் எடுத்துப்போவதில்லை, பொன்னும் வெள்ளியும் எடுத்துப்போவதில்லை என்று இப்னு பதூதா எழுதுகிறார். உப்புத் துண்டு, கண்ணாடி மணி, கொஞ்சம் வாசனைச் சரக்கு, மூட்டையில் அவ்வளவுதான். ஊருக்குள் நுழைந்தால் பெண்கள் சிறுதானியம், பால், கோழி, அரிசி, பயற்று மாவு எல்லாம் கொண்டுவருவார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு மணியையோ உப்பையோ கொடுத்தால் போதும்.

பொன் விளைகிற நாட்டுக்குப் போகிறவன் மடியில் பொன் தேவையில்லை. பொன் அங்கே இருந்தது, ஆனால் அது வடக்கே ஏற்றி அனுப்புகிற சரக்கு. பம்புக், பூரே பக்கத்து ஆறுகளிலும் குழிகளிலும் அரித்தெடுத்த தூள், வியாபாரிகள் கை மாறி மாறி மத்தியதரைக்கடல் வரை போனது. அங்கேதான் அது காசாக அடிக்கப்பட்டது.

பிப்ரவரி 4, இரவு

400 பில்லியன் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் ஒரு இணையதளம் போட்ட பட்டியலிலிருந்து அந்த எண் கிளம்பியது. அதற்கு அடியில் கணக்கு எதுவும் கிடையாது. 14-ஆம் நூற்றாண்டு அரசனின் கருவூலம் எது, குடிகளின் சொத்து எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதை எந்த டாலரில் எப்படி மாற்றினார்களோ. விடுங்கள்.

இதையும் கேளுங்கள். அந்தத் தங்க நாட்டின் அரசர் சுலைமான், இப்னு பதூதாவுக்கு வரவேற்புப் பரிசு அனுப்பினார். பட்டாடையும் பொற்கிழியும் வரும் என்று இவர் எழுந்து நின்று காத்திருக்கிறார். வந்தது மூன்று ரொட்டி, எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவையில் புளித்த பால். சிரித்துவிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். (பிற்பாடு போய் முறையிட்டு வீடும் பொன்னும் வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.)

பிப்ரவரி 6

உப்பைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் தூத்துக்குடியில் லாரி புக்கிங் ஆபீசில் ரொம்ப காலம் கணக்கு எழுதியவன். உப்பு லோடு என்றால் சரக்கின் விலையைவிட வாடகைதான் பெரிதாக நிற்கும். தூரம் போகப் போக மூட்டைக்குள் இருப்பது உப்பா, லாரி வாடகையா என்றே சந்தேகம் வந்துவிடும். தகாசா பற்றிப் படித்தபோது அந்த பில் புத்தகம்தான் கண்முன் வந்தது.

தகாசா சகாராவின் நடுவில் இருந்த உப்புச் சுரங்க ஊர். சிஜில்மாசாவிலிருந்து 25 நாள். மரம் கிடையாது, மணலும் உப்பும்தான். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, மேலே கூரைக்கு ஒட்டகத் தோல். தண்ணீர் கரிக்கும், ஈத்தொல்லை தாங்காது. மசூஃபா இனத்தாரின் அடிமைகள்தான் அங்கே இருந்து பாளம் வெட்டினார்கள். அவர்களுக்குச் சோறே வெளியிலிருந்து வந்தது: வடக்கிலிருந்து பேரீச்சை, தெற்கிலிருந்து தானியம்.

ஒரு ஒட்டகம் இரண்டு பாளம் சுமக்கும். அந்தச் சுமை வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் பொன். மாலியின் தலைநகரில் 20 முதல் 30, சில சமயம் 40 வரை. ஒரு மிஸ்கால் ஏறக்குறைய 4.25 கிராம். பாலைவனத்தின் தென் ஓரத்திலிருந்து தலைநகர் போவதற்குள்ளேயே விலை மூன்று மடங்கு, நான்கு மடங்கு. இதற்குமேல் பாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மற்ற நாட்டில் பொன்னும் வெள்ளியும் புழங்குவதுபோல இதைப் புழங்கினார்கள்.

தகாசாவை அற்பமான ஊர் என்று சொல்லும் அதே இப்னு பதூதா, அங்கே பொன்தூள் குவிண்டால் குவிண்டாலாகக் கை மாறியது என்றும் எழுதுகிறார். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஊரில்!

பிப்ரவரி 7

"பணம் மழையில் கரைந்துவிடாதா?" என்று ஒருவர். இது வயலில் காய்ச்சிய பொடியுப்பு இல்லை. பழைய ஏரிப் படுகையிலிருந்து பலகை பலகையாக அறுத்த பாறை உப்பு. நனையாமல் வைத்தால் நாள்படத் தாங்கும்.

கரைவதும் தின்று தீர்வதும் குறை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது அனுகூலமாகப் படுகிறது. ஊரே நக்கித் தீர்த்துவிடுகிற பணம் ஒருநாளும் தேங்காது. அடுத்த ஒட்டகக் கூட்டம் வருகிறவரை கையில் இருக்கிற துண்டுக்கு மதிப்பு இருந்துகொண்டே இருக்கும்.

பிப்ரவரி 9

சோழி. இதற்காகத்தான் இந்த இழையில் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

மாலியிலும், நைஜர் ஆற்றங்கரைக் காவோவிலும் சோழி புழங்கியது. பொன் தினார் (ஏறக்குறைய ஒரு மிஸ்கால் எடைக் காசு) ஒன்றுக்கு 1,150 சோழி என்று இப்னு பதூதா கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். இந்தச் சோழி ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் கிடைப்பதில்லை. மாலத்தீவிலிருந்து வந்தது. இதே மனிதர் சுமார் எட்டு வருடம் முன்பு மாலத்தீவில் காஜியாக உத்தியோகம் பார்த்தவர். கடலிலிருந்து எடுத்துக் கரையில் குழி தோண்டிப் புதைப்பார்கள், சதை அழுகிப் போனதும் வெள்ளை ஓடு மிஞ்சும் என்று செய்முறையே எழுதியிருக்கிறார். அங்கே விலை, தினாருக்கு 4,00,000 சோழி. மலிந்த காலத்தில் 12,00,000 வரை இறங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,00,000-ஐ 1,150-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 348. மலிவு விலையை எடுத்தால் ஆயிரம் மடங்கைத் தாண்டும். ஒரே ஆள் இரண்டு முனையிலும் நின்று விலை கேட்டுக் குறித்துவைத்த சரக்கு வேறு எதுவும் அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

மாலத்தீவுக்காரர்கள் இதை வங்காளத்தாருக்கு அரிசிக்குக் கொடுத்தார்கள். ஏமன் வியாபாரிகள் கப்பல் அடித்தட்டில் மணலுக்குப் பதில் பாரத்துக்காக இதைக் கொட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து செங்கடல், எகிப்து, வட ஆப்பிரிக்கா, கடைசியில் சகாரா.

நம் பக்கத்துத் தொடர்பு கேட்டால் இரண்டு உண்டு. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" மாலத்தீவுதான் என்பது பெரும்பாலோர் கருத்து. இரண்டாவது, இப்னு பதூதா மாலத்தீவில் மனஸ்தாபப்பட்டு வெளியேறி, இலங்கை வழியாக மதுரைக்கு வந்தார். மதுரை சுல்தான் கியாசுதீன் இவருக்குச் சகலை முறை. இரண்டு பேரும் சேர்ந்து மாலத்தீவின்மேல் படையெடுக்கத் திட்டம் போட்டார்கள், நடக்கவில்லை. நடந்திருந்தால் சோழி விலை என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கலாம்.

பிப்ரவரி 9, பின்குறிப்பு

மாலியும் மாலேயும் ஒரே ஊரா என்று கேட்டவருக்கு: இல்லை. ஒன்று மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசு, இன்னொன்று மாலத்தீவின் தலைநகரம். நடுவில் ஒரு கடலும் ஒரு பாலைவனமும் இருக்கின்றன.

பிப்ரவரி 11

"அப்படியானால் ஒரு சாக்குச் சோழி கொண்டுபோயிருந்தால் ராஜா ஆகியிருக்கலாமே" என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். நானும் பேராசையில் கணக்குப் போட்டேன். ராமேஸ்வரம் கடையில் வாங்கிய சிறு சோழி வீட்டில் கிடந்தது. நகைத் தராசு உள்ள பழக்கமான கடையில் நிறுத்தால் ஒன்று ஒரு கிராமுக்குச் சற்று மேலே வருகிறது. 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டகச் சுமை 150 கிலோ என்றால் ஏறக்குறைய 1,25,000 சோழி. மாலியில் அதற்கு 109 தினார் போல வரும். அதே ஒட்டகம் உப்புச் சுமந்தால் 20 முதல் 40 மிஸ்கால்.

மூன்று நான்கு மடங்கு லாபம் என்று குதிக்க வேண்டாம். உப்பு பாலைவனத்து நடுவிலிருந்து வருகிறது. சோழி இந்துமாக்கடலைத் தாண்டி, ஏமனிலும் கெய்ரோவிலும் மக்ரிபிலும் (வடமேற்கு ஆப்பிரிக்கா) தரகும் வரியும் கட்டிவிட்டு வருகிறது. சாக்கு உங்களுடையதாக இருக்கும், லாபம் வழியில் இருக்கிறவர்களுடையது.

வழியில் போகிற அபாயமும் உண்டு. மொரிட்டேனியப் பாலைவனத்தில் மஅதன் இஜாஃபென் என்ற இடத்தில் 1960-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தியோதோர் மோனோ ஒரு பழைய சரக்குக் குவியலை ஆராய்ந்தார். சுமார் 2,000 பித்தளைக் கம்பிகளும், கூடவே சோழிகளும். 12-ஆம் நூற்றாண்டை ஒட்டிய சரக்கு. தெற்கே போன கூட்டம் மணலில் புதைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது, எடுக்கத் திரும்பி வரவில்லை.

அந்தப் பாதையில் முன்னோடியாக ஒரு ஆளை வலாத்தாவுக்கு அனுப்புவார்கள். அவன் தனியாகப் போய்க் கடிதம் கொடுத்தால்தான் அங்கிருந்து நான்கு நாள் தூரம் எதிரே வந்து தண்ணீர் தருவார்கள். அவன் வழியில் செத்தால் கூட்டமே செத்தது. இப்னு பதூதாவின் கூட்டம் அமர்த்திய ஆளுக்குக் கூலி 100 மிஸ்கால். கூட்டத்தின் வழிகாட்டிக்கு ஒரு கண் தெரியாது, இன்னொரு கண்ணில் நோய். ஆனாலும் அவனைவிட வழி தெரிந்தவன் இல்லையாம். மேலே போட்ட விலை எல்லாவற்றிலும் இந்தக் கூலியும் இருக்கிறது.

பிப்ரவரி 13

ஒரு பொது விதி சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது: எந்த ஊரில் எது விளையவில்லையோ அதுதான் அங்கே பணம். உப்பு விளையாத ஊரில் உப்பு, சோழி இல்லாத ஆற்றங்கரையில் சோழி. பொன் விளைகிற இடத்தில் பொன் வெறும் சரக்கு.

மன்சா மூசா கெய்ரோவில் சொன்னதாக அதே நூற்றாண்டின் அரபு எழுத்தாளர் அல் உமரி பதிவு செய்திருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. மூசாவின் நாட்டில் ஒரு செம்புச் சுரங்கம் இருந்தது. அந்தச் செம்பைத் தெற்கத்தி மக்களுக்கு 100 மிஸ்கால் எடை கொடுத்தால் 66⅔ மிஸ்கால் பொன் வருமாம். செம்புக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடைப் பொன்! பொன் அரிக்கிறவர்களுக்குச் செம்புதான் அரிது.

பிப்ரவரி 14

நேற்றைய விதிக்கு ஒரு வாசகி நல்ல அடி கொடுத்திருக்கிறார். "மாலத்தீவிலேயே சோழிதானே பணம்? அங்கே அது கடலில் கொட்டிக் கிடந்ததே?" சரியான கேள்வி. தகெத்தாவையும் சேர்த்துக்கொண்டால் விதி இன்னும் ஆட்டம் காண்கிறது.

தகெத்தா இன்றைய நைஜர் நாட்டுப் பக்கம் இருந்த செம்பு ஊர். மண்ணிலிருந்து தோண்டி, வீட்டிலேயே உருக்கி, ஒன்றரைச் சாண் நீளக் கம்பிகளாக வார்ப்பார்கள். தடித்த கம்பி ஒரு மிஸ்காலுக்கு 400. மெல்லிய கம்பி 600 அல்லது 700. மெல்லியது இறைச்சிக்கும் விறகுக்கும். தடித்தது அடிமை, தானியம், நெய், கோதுமை வாங்க. தோண்டுகிற ஊரிலேயே அதுதான் பணம்.

துணியும் அப்படித்தான். சாட் ஏரிப் பக்கத்துக் கானெம் நாட்டில் உள்ளூரில் நெய்த துணி பணமாக இருந்தது என்கிறார் அல் உமரி. ஒரு துண்டு பத்து முழம். அதிலிருந்து கால் முழம் வரை கிழித்துக்கூட வாங்கலாம், விற்கலாம். சோழி, மணி, செம்பு எல்லாம் அங்கே உண்டு, ஆனால் விலை பேசுவது துணிக் கணக்கில்.

ஆக, தூரத்திலிருந்து வருவது மட்டும் விதி இல்லை. எண்ணிக் கொடுக்க வேண்டும் அல்லது அளந்து கிழிக்க வேண்டும், சின்னதாகப் பிரிய வேண்டும், நினைத்தவுடன் ஒருவன் குவித்துவிடக் கூடாது. பொன்தூளுக்கு இந்த முதல் இரண்டிலும் கஷ்டம். ஒரு கோழிக்கான பொன் எவ்வளவு இருக்கும்? தும்மினால் போய்விடும். அதற்கு ஒரு தராசு வேண்டும், தராசை நம்ப வேண்டும்.

முதல் கேள்வியில் "மீதிச் சில்லறை" என்று கேட்டிருந்தாரே, அது இங்கேதான் வருகிறது. பொன்னும் சோழியும் ஒன்றுக்கொன்று சில்லறை. பெரிய கணக்கு மிஸ்காலில், சந்தைக் கணக்கு சோழியில்.

பிப்ரவரி 15

"ஆப்பிரிக்கர்களுக்குக் காசு அடிக்கத் தெரியாது" என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. 1068-இல் எழுதிய ஸ்பெயின் நாட்டு அரபுப் புவியியலாளர் அல் பக்ரி, தத்மக்கா ஊரில் முத்திரை இல்லாத "மொட்டை தினார்" புழங்கியதாகச் சொல்கிறார். சுத்தப் பொன். நீண்ட காலம் இது வெறும் வாசகமாக இருந்தது. 2005-இல் மாலி நாட்டின் எசூக் இடிபாட்டில், அதாவது அதே தத்மக்காவில், தோண்டியபோது காசு வார்க்கும் அச்சுத் துண்டுகள் கிடைத்தன, ஓரத்தில் பொன் துளியோடு. மாலிப் பேரரசு எழுவதற்கு முன்பே. தெரியாமல் இல்லை, முத்திரை தேவைப்படவில்லை. வடக்கே போனதும் அவர்கள் எப்படியும் உருக்கித் தங்கள் முத்திரையைக் குத்தத்தானே போகிறார்கள்.

பிப்ரவரி 19

மூசா கெய்ரோவுக்கு வந்து எகிப்தின் பொருளாதாரத்தையே சாய்த்துவிட்டார் என்பதும் அந்த வீடியோக்களின் பிடித்த வசனம். 1324-இல் ஹஜ் போகும் வழியில் வந்தார், வாரி இறைத்தார், உண்மை. நூறு சுமைப் பொன் என்று உமரி எழுதுகிறார். விளைவையும் அவரே எண்ணில் சொல்கிறார்: அதற்கு முன்பு ஒரு மிஸ்கால் பொன் 25 வெள்ளித் திர்ஹத்துக்குக் கீழே இறங்கியதில்லை. அப்புறம் 22-ஐத் தாண்டவில்லை. பன்னிரண்டு வருடமாக இதே நிலை.

25-இலிருந்து 22-க்கு. 12 சதவீதம். பொன் வைத்திருந்தவனுக்கு வலித்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நாடு சாய்கிற வீழ்ச்சியா இது? நம் ஊர் நகைக்கடைப் பலகையில் இதைவிடப் பெரிய ஆட்டம் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு வருடம் மீளாமல் கிடந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. அதற்கு மூசாவின் பயணம் மட்டும் காரணமாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறேன்.

அதைவிட ருசியான பகுதி, மனிதர் கையில் இருந்ததெல்லாம் செலவாகி, திரும்பும்போது கெய்ரோவில் கடன் வாங்கினார். 300 தினார் கொடுத்தவர்கள் 700 வாங்கினார்களாம். உலகப் பெரும் பணக்காரர்! கடன் கொடுத்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டிரியா வியாபாரி சிராஜுதீன் இப்னுல் குவைக். கடனை வசூலிக்க மகனையும் கூட்டிக்கொண்டு பாலைவனம் தாண்டிப் போனார். திம்புக்டுவில் விருந்து சாப்பிட்ட இரவே இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. "நானும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன், விஷமென்றால் இரண்டு பேரும் செத்திருப்போம், அவர் காலம் முடிந்தது" என்று மகன் சொல்லிவிட்டார். பிறகு மகன் மாலி போய்க் கடனை வசூலித்துக்கொண்டு எகிப்து திரும்பினார். திம்புக்டுவில் அந்தக் கல்லறையை இப்னு பதூதா பார்த்திருக்கிறார். வசூலுக்குப் போகிற வேலையில் இருந்தவன் என்ற முறையில் அந்த மகனின் நிதானத்துக்கு ஒரு கும்பிடு.

பிப்ரவரி 20

கடன் என்றதும் நினைவு வந்தது. பத்தாம் நூற்றாண்டில் அரபுப் பயணி இப்னு ஹவ்கல், பாலைவனத்தின் தென் ஓரத்து அவுதகஸ்த் ஊர்க்காரர் ஒருவர் சிஜில்மாசாக்காரருக்குத் தர வேண்டிய 42,000 தினாருக்கான கடன் பத்திரத்தைப் பார்த்ததாக எழுதுகிறார். பாலைவனத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் காகிதத்தில் கணக்கு ஓடியிருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் (இன்றைய அல்ஜீரியாவில் உள்ள) திலிம்சானின் மக்கரி சகோதரர்கள் ஐந்து பேர். இருவர் திலிம்சானில், ஒருவர் சிஜில்மாசாவில், இருவர் வலாத்தாவில். நடுவில் சிஜில்மாசாவில் இருந்தவர் தராசு முள் மாதிரி. எங்கே எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று இரண்டு பக்கமும் எழுதி அனுப்புவார். வழியில் கிணறும் வெட்டிவைத்தார்கள்.

பிப்ரவரி 22

"அரசனுக்கு வருமானம் எங்கிருந்து? சுரங்கம் அவனுடையதா?" நல்ல கேள்வி, நான்தான் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

மாலிக்கு முந்திய கானா அரசில் (இன்றைய கானா நாடு இல்லை) கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் ஒரு தினார் வரி, வெளியே போனால் இரண்டு தினார். செம்புச் சுமைக்கு 5 மிஸ்கால், மற்ற சரக்குச் சுமைக்கு 10. அல் பக்ரியின் கணக்கு. பொன் கட்டியாகக் கிடைத்தால் அரசனுக்கு, தூள் மக்களுக்கு. இல்லாவிட்டால் பொன் மலிந்து மதிப்பில்லாமல் போய்விடும் என்று காரணமும் சொல்கிறார். பண அளவைக் கட்டுப்படுத்துவது பற்றி 11-ஆம் நூற்றாண்டில்!

மாலி அரசர்கள் பொன் விளையும் ஊர்களை நேரடியாகப் பிடிக்கவில்லை. பிடித்து, பாங்கு சொல்ல ஆரம்பித்தாலே அங்கே பொன் குறைந்துபோகிறது, பக்கத்து ஊரில் கூடுகிறது என்று உமரிக்குச் சொல்லப்பட்டது. அதிசயமாகச் சொல்கிறார். எனக்குத் தோன்றுவது, அரிக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஆகவே கப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களை அவர்கள் போக்கில் விட்டார்கள்.

பிப்ரவரி 24

மௌன வியாபாரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆற்றங்கரையில் உப்பை வைத்துவிட்டு ஒதுங்குவார்கள், மறைந்திருக்கும் மக்கள் பக்கத்தில் பொன்னை வைப்பார்கள், முகம் பார்க்காமலே பேரம் முடியும் என்ற கதை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கார்த்தேஜ் வியாபாரிகளைப் பற்றி இதையே சொல்கிறார். இரண்டாயிரம் வருடம் கழித்து 1455-இல் வந்த வெனிஸ்காரர் கடமோஸ்தோவும் இதையே கேட்டு எழுதுகிறார். சொன்னவர்களில் யாரும் தானே நின்று பார்த்ததாகச் சொல்லவில்லை. எல்லாம் இன்னொருவர் சொன்னது. பொன் வாங்கப் போன மேற்கு ஆப்பிரிக்க வங்காரா வியாபாரிகள் அந்த மக்களோடு பேசிப் பழகி, பெண் கொடுத்து எடுத்து வாழ்ந்தவர்கள். பொன் எங்கே கிடைக்கிறது என்று வெளியாள் கேட்டால் இப்படி ஒரு கதையை அவிழ்த்துவிடுவது வியாபார புத்தி. எனக்கு நம்பிக்கை இல்லை.

மார்ச் 2

இத்தனை நாள் ஒட்டகத்துக்கு எவ்வளவு, சோழிக்கு எவ்வளவு என்று உற்சாகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பும் சுமையைக் கணக்கில் எடுக்கவில்லை.

தெற்கே போகும்போது ஒட்டகங்கள் பளுவான சரக்கோடு போகின்றன: உப்பு, செம்பு, துணி, சோழி. வரும்போது பொன். 150 கிலோப் பொன் என்றால் 35,000 மிஸ்கால். ஒரு பெரிய கூட்டம் விற்ற உப்புக்கெல்லாம் ஈடான பொன் ஓரிரண்டு ஒட்டகத்தில் அடங்கிவிடும். தந்தம், தோல், கோலாக்கொட்டை கொஞ்சம் இடம் பிடிக்கும். மற்றபடி வடக்கே போனது நடந்துபோகிற சரக்கு, மனிதர்கள். 1353-இல் தகெத்தாவிலிருந்து இப்னு பதூதா ஊர் திரும்பிய கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். ஒரே வரியில் எழுதிவிட்டு, வழிப் பயணத்தைச் சொல்லப் போய்விடுகிறார்.

தகாசாவில் பாளம் வெட்டியதும் தகெத்தாவில் செம்பு தோண்டியதும் அடிமைகள்தான். தடித்த கம்பிக்கு அடிமை என்று பிப்ரவரி 14-இல் நெய்க்கும் கோதுமைக்கும் நடுவில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். மூல வாசகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

மார்ச் 3

"அப்படியென்றால் மாலியைப் புகழக்கூடாதா" என்று கோபப்பட்டிருக்கிறார் ஒருவர். புகழுங்கள், யார் தடுத்தது. கெய்ரோவும் வெனிஸும் இதே சந்தையில்தான் வாங்கின.

மார்ச் 9

சோழியின் பிற்காலம் பற்றிக் கேட்டவருக்கு நீண்ட பதில்.

மாலிக்கு அடுத்து எழுந்த சொங்காய் பேரரசுக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திம்புக்டு பார்த்த பயணி லியோ ஆப்பிரிக்கானஸ் சொல்வது: பெரிய கணக்குக்கு முத்திரையில்லாப் பொன், சின்னக் கணக்குக்குப் பாரசீகத்திலிருந்து வரும் சோழி, 400-க்கு ஒரு டுகாட் (ஐரோப்பியப் பொற்காசு). அதே ஊரில் ஒட்டகச் சுமை உப்பு 80 டுகாட் விற்றதையும் பார்த்திருக்கிறார். டுகாட் ஒன்று 3.5 கிராம் பொன், மிஸ்காலைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் 1,150 எங்கே, 400 எங்கே. நூற்றைம்பது வருடத்தில் சோழி இரண்டு மடங்குக்கும் மேல் விலை ஏறியிருக்கிறது. வரத்து குறைந்ததா, புழங்கும் ஊர்கள் பெருகினவா? ஒரு சந்தையின் ஒரு நாள் விலையை வைத்து ஒரேயடியாக முடிவு கட்ட மாட்டேன்.

1591-இல் தொண்டிபி என்ற இடத்தில் மொராக்கோப் படை துப்பாக்கியோடு வந்து சொங்காயை முறித்தது. தகாசா உப்பு யாருக்கு என்ற தகராறும் அந்தப் படையெடுப்புக்கு ஒரு காரணம். அதற்குள் சோழிக்கு வேறு வழி திறந்துவிட்டது, கடல் வழி. போர்ச்சுகீசியர் ஆரம்பித்தார்கள், பிறகு டச்சும் ஆங்கிலேயரும். மாலத்தீவுச் சோழி இலங்கை வழியாகவும் வங்காளம் வழியாகவும் ஆம்ஸ்டர்டாம், லண்டன் போய், அங்கிருந்து கினியாக் கரைக்குத் திரும்பி, அடிமைகளுக்கு விலையாக இறங்கியது. கப்பல் பாரமாக வந்த அதே ஓடு.

1796-இல் நைஜர் ஆற்றைப் பார்த்த ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க்குக்கு, ஆற்றங்கரைச் செகு நாட்டு அரசர் மன்சோங் ஊருக்குள் விடாமல் 5,000 சோழி கொடுத்து அனுப்பிவைத்தார். நூறு சோழி இருந்தால் தனக்கு ஒரு நாள் சாப்பாடும் குதிரைக்குத் தீனியும் ஆகும் என்கிறார் பார்க். ஒரு விநோதம்: அந்தப் பக்கம் சோழி எண்ணும்போது மட்டும் எண்பதை நூறு என்பார்கள், மற்றதற்கெல்லாம் நூறு நூறுதான். மொத்த வியாபாரிக்கு நூற்றுக்கு இருபது கழிவு கிடைக்க இது வழி என்று ஒரு விளக்கம் படித்தேன். நான் வேலை பார்த்த தொழிலில் இதைவிட மோசமான நூறுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் நம்புகிறேன்.

மார்ச் 10

விட்டுப்போன கடைசித் துண்டு. 1851-இல் கானோவுக்கு (இன்றைய வட நைஜீரியா) போன ஜெர்மன் பயணி ஹைன்ரிக் பார்த் சொல்வது, ஒரு டாலருக்கு 2,500 சோழி. ஐந்தைந்தாக எண்ணித் தள்ளுவார்கள். 20,000 சோழி ஒரு ஆள் தலைச்சுமை. என் ராமேஸ்வரம் கணக்குப்படி 24 கிலோ. எட்டு டாலருக்காக ஒரு கூலியாள்!

அதே சமயத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் இன்னொரு வகைச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டின. அது பெரியது, கனமானது, மலிவு. மதிப்பு இறங்க இறங்க எண்ணுகிற கூலியும் சுமக்கிற கூலியும் சரக்கு விலையைத் தொட்டுவிட்டன. உப்புக்கு லாபமாக இருந்த தூரம் சோழிக்கு நஷ்டமாகிவிட்டது. கரையோரத்தில் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற ஓட்டை உள்நாட்டுக்கு யார் சுமப்பான்?

பெனினில் பணமாகப் புழங்கிய மனில்லா என்ற உலோக வளையம் பற்றிக் கேட்டவர் தனிக் கேள்வியாகப் போடுங்கள். அது கடற்கரைக் கதை, இங்கே சேர்த்தால் இரண்டும் குழம்பும்.